வெள்ளைத் தட்டும் வெள்ளைச் சட்டையும்

"மலைக்குக் காய் எடுக்கப் போற வீட்டுப் பிள்ளை. இந்தப் பொட்டியெல்லாம் கைக்குப் பழகுமாய்யா?"

நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இதை என்னிடம் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் கேட்டார். என்னுடைய எம்.எஸ்சி. இயற்பியல் சான்றிதழ் அப்போது அவர் கையில்தான் இருந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார், இறந்துவிட்டார் என்றேன். அம்மா? போடிமெட்டுக்குக் கீழே ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார் என்றேன். அதோடு சான்றிதழைப் படிப்பதை நிறுத்திவிட்டு, மேலே எழுதியிருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலை நானே சொன்னேன்: "பழகும் சார்."

வேலை கிடைத்தது. சில வருடங்கள் அங்கே இருந்தேன். போன மழைக்காலத்தில் விட்டுவிட்டேன். இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தலை நரைத்தவர்கள் எழுதுவார்கள். எனக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் எழுத வேண்டியதாயிற்று. நான் விட்ட இடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் சென்ற மாதம் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, எனக்கும் தட்டுதான் குடுத்திருக்காங்க. எத்தனை வருசம் தட்டுப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். இது அவளுக்கான பதில்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. போடியில் பள்ளி, கல்லூரி, பிறகு மதுரையில் இரண்டு வருடம். அந்தப் படிப்பின் கதையை இங்கே நீட்டப்போவதில்லை. படித்தேன், நன்றாகப் படித்தேன், அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது ஒரு தனியார் அளவை நிறுவனம். மண், நீர், பயிர் என்று யார் கூலி கொடுத்தாலும் அளந்து கொடுப்பார்கள். அதில் எங்கள் குழுவுக்கு ஒளி. முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி இருந்தது. அதிலிருந்து கண்ணாடி இழைக் கம்பி ஒன்று வரும். கம்பியின் முனையில் கைத்துப்பாக்கி போன்ற பிடி. அதை எதன் மேல் நீட்டுகிறோமோ அதிலிருந்து வரும் ஒளியைக் கருவி உள்ளே வாங்கி, ஊதாவிலிருந்து சிவப்பு வரையிலும், சிவப்பைத் தாண்டிக் கண்ணுக்கு எட்டாத பகுதி வரையிலும் பிரித்து, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு என்று ஒரு வளைகோடாகத் திரையில் காட்டும். தேவாரம் பக்கம் சோளக் காட்டில் நாங்கள் இதோடு இறங்கியபோது வரப்பில் நின்ற ஒருவர், "ஆனையச் சுட வந்தீகளா? ராத்திரி வாங்கப்பா, இப்ப அது தூங்கப் போயிருக்கும்" என்றார்.

இந்தக் கருவிக்குத் தனியாக எதுவும் தெரியாது. ஒரு வெள்ளைத் தட்டைக் காட்டினால்தான் அதற்கு அளவு பிடிபடும். தன் மேல் விழும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும் தட்டு அது. விரல் பட்டால் எண்ணெய் ஒட்டிக் கெட்டுவிடும். முதலில் கருவியின் கண்ணை மூடி இருட்டைப் படிக்க வேண்டும்; கருவிக்குள் தானாக எழும் இரைச்சலைக் கழிப்பதற்கு. பிறகு வெயிலில் தட்டைக் கிடைமட்டமாக வைத்துப் படிக்க வேண்டும். இன்று வானம் இவ்வளவு தருகிறது என்று பொருள். பிறகு செடியடியில், செடியின் சொந்த இலை மறைக்காத இடமாகப் பார்த்து, அதே தட்டை வைத்துப் படித்தால், வானம் தருவதில் எத்தனை பங்கு செடிக்கு வந்து சேர்கிறது என்று தெரியும். வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே திரும்பத் திரும்ப வெளியே வந்து தட்டைப் படித்தாக வேண்டும். இன்னொரு விதி: அளப்பவர்கள் கறுப்பு அல்லது அடர்ந்த நிறத்தில்தான் உடுத்த வேண்டும். வெள்ளை உடுத்தினால் துணியில் பட்ட வெயில் தெறித்துத் தட்டின் மேல் விழும்.

நான் அம்மாவின் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போடுவார்கள், இலை அறுக்காமலிருக்க. அம்மாவுடையது சாயம் கறுத்துப்போன நீலம். அளவை வேலைக்கு அதைவிடப் பொருத்தமான உடுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

எங்கள் குழுவில் துப்பாக்கி ஆண்களுக்கு, தட்டு பெண்களுக்கு. யாரும் எழுதி வைத்த விதி அல்ல. நான் சேர்ந்த முதல் நாள் தட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். விடும்வரை அது என் கையில்தான் இருந்தது. அலுவலகத்துக்கு வந்த பிறகு வளைகோடுகளைத் திருத்தி ஒழுங்குபடுத்துவது என் வேலை. அதை நான் செய்யலாம். மலையில் துப்பாக்கி பிடிக்கக் கூடாது. தட்டோடு தோட்டத்துக்குள் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மாவோடு தினமும் ஒரே ஜீப்பில் மலையேறும் கூட்டாளிகள், "ஏத்தா பாண்டீஸ்வரி, சோறு எப்ப வரும்? தட்டோட காத்துக் கெடக்கியே" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வராது.

சந்திரமோகன் சார் எங்கள் குழுத் தலைவர். என்னை விட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கை பழகுமா என்று கேட்டவர் அவர்தான். அவரைப் பற்றி நேர்மையாகவே சொல்கிறேன். கெட்டவர் அல்ல. ஜீப்பில் பெண்களுக்கு முன் சீட்டை விட்டுக்கொடுப்பார். யாரிடமும் ஒரு டீ கூட ஓசியில் குடிக்கமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். ஆனால் யார் பேசினாலும் அவர் கண் அந்த ஆளின் தோளுக்கு மேல் எங்கோ இருக்கும். பேசி முடித்ததும், "சரி, நேரமாச்சு" என்பார். கேட்டாரா என்று தெரியாது. எந்த மலைக்குப் போனாலும் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டைதான். விதி அவருக்குத் தெரியும். எங்களுக்கு அதைப் பாடமாகச் சொன்னதும் அவரேதான். ஆனால் தோட்டத்து மேனேஜர் முன்னால் கறுப்புச் சட்டையில் போய் நின்றால் கூலியாள் என்று நினைத்துவிடுவார்களாம்.

தட்டைப் படிப்பதிலும் அவருக்கு ஒரு பழக்கம். காலையில் வெயிலில் நின்று முதல் வாசிப்பை வெகு பக்தியோடு எடுப்பார். செருப்பைக்கூடத் தள்ளிக் கழற்றி வைப்பார். அது அவருக்குப் பிள்ளையார் சுழி. ஒருமுறை போட்டால் அந்த நாள் முழுக்கச் செல்லும். சோளக் காட்டில் இது பெரிதாகப் பாதிக்காது. மேகமில்லாத நாளில், திறந்த வெளியில், நடுப்பகலில் ஒளி அவ்வளவு மாறுவதில்லை. மலையில் அப்படியல்ல.

இனி பெருமாளண்ணன் தோட்டத்துக்கு வருகிறேன்.

பெருமாளண்ணனுக்கு ராசிங்காபுரம். போடிமெட்டுக்குக் கீழே சரிவில் குத்தகைக்கு நிலம் எடுத்து ஏலக்காய் போட்டிருந்தார். என் அம்மாவும் அம்மாவின் ஜீப்புக் கூட்டமும் வருடக்கணக்காக அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவர் தோட்டத்துக்கு மேற்கே ஒரு பெரிய எஸ்டேட். எல்லையோரம் எஸ்டேட்டுக்குச் சொந்தமான நிழல் மரங்கள் இருந்தன. அவற்றின் நிழலில்தான் பெருமாளண்ணனின் மேற்கு வரிசைகள் வளர்ந்தன. எஸ்டேட்டில் அந்த மரங்களை அடியோடு வெட்டிவிட்டார்கள். கோடை வந்தது. வரிசை வரிசையாக ஏலச்செடி வெளுத்து, இலை ஓரம் வெந்து, காய் பிடிக்கும் சரம் கருகியது. மரம் போனதால் வெயில் இறங்கிவிட்டது என்றார் பெருமாளண்ணன். நிழல் வேண்டிய அளவு இருக்கிறது, நீ தண்ணீர் பாய்ச்சாமல் விட்டாய் என்றது எஸ்டேட்.

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் தேவசகாயம் ஐயா இரு தரப்புக்கும் வேண்டியவர். அவர் கடை மாடியில் பேசினார்கள். ஒளியை அளந்து பார்ப்போம், அளவு சொல்வதை இருவரும் ஏற்க வேண்டும் என்று முடிவானது. நிழல் குறைந்தது என்று வந்தால் எஸ்டேட் எல்லையில் மரம் வைத்து, அது வளரும்வரை தன் செலவில் பந்தல் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்று வந்தால் பெருமாளண்ணன் பேச்சை விட்டுவிட வேண்டும். அளக்க எங்களைக் கூப்பிட்டார்கள்.

தோட்டத்துக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை. சுற்றுவட்டாரத்தில் வானம் முழுதும் தெரியும் இடம் அது ஒன்றுதான். அங்கே ஏறித் தட்டை வைத்தேன். நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பெருமாளண்ணன் வெள்ளை வேட்டியில் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வேட்டி வெள்ளை, வெயில் தெறிக்கும்" என்றார் சார்.

"தள்ளிட்டேன் சாரு." இரண்டடி நகர்ந்து நின்று, "அப்ப உங்க சட்டை என்ன, பச்சையா?" என்றார் பெருமாளண்ணன்.

கூட வந்திருந்த எஸ்டேட் மேனேஜர் சிரித்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். "நான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சார் தட்டுக்கு மிக அருகிலேயே நின்று படித்தார். வெயில் சுளீரென்று இருந்தது. திரையில் கோடு அழகாக ஏறி நின்றது.

சரிவில் இறங்கினோம். வெந்துபோன வரிசைகளுக்கு வந்தபோது கேரளப் பக்கத்திலிருந்து மேகம் ஏறியது. தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி, "மஞ்சு வருது, மஞ்சு வருது" என்று குரல் கொடுத்தாள். மலையில் மஞ்சு வந்தால் ஒரு மூச்சு விடுவதற்குள் பகல் சாம்பலாகிவிடும். நான் தட்டைச் செடியடியில் வைத்தேன். வைத்தபடியே சொன்னேன்.

"சார், வெளிச்சம் மாறிருச்சு. மறுபடி பாறைக்குப் போய் தட்டைப் படிக்கணும். இல்லன்னா மஞ்சு விலகுற வரைக்கும் பொறுக்கணும்."

"காலையில எடுத்தாச்சுல்ல."

"அது வெயில்ல எடுத்தது சார்."

அவர் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார். "இறங்குற ஜீப்பு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? வெரசாப் பிடி. சரி, நேரமாச்சு."

பிடித்தேன். என் வேலை பிடிப்பது.

அலுவலகத்தில் வளைகோடுகளைத் திறந்தபோது கண்ணால் பார்த்தது கணக்கிலும் இருந்தது. வெயிலில் படித்த வானம் பெரியது. மஞ்சில் படித்த செடியடி சிறியது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் செடிக்கு மிகக் குறைந்த ஒளியே வருவதாகத் தெரியும். அதாவது நிழல் தாராளம். வெள்ளைச் சட்டை தெறித்த ஒளியும் அந்தப் பெரியதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தன.

ஆனால் இந்தக் கருவியின் பெருமையே, அது எவ்வளவு என்று மட்டும் சொல்லாமல் என்ன நிறம் என்றும் சொல்வதுதான். இலை சிவப்பைத் தின்றுவிடும்; சிவப்பைத் தாண்டிய ஒளியைத் தின்னாமல் கீழே விடும். ஆகவே மரத்து நிழலில் சிவப்பு வற்றிப்போய், அதற்கு அடுத்தது மட்டும் ஓங்கி நிற்கும். மேகத்துக்கு அப்படிப் பசி கிடையாது. அது எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்கும். தோட்டத்தின் கிழக்கு வரிசைகளில், மரம் மிஞ்சியிருந்த இடத்தில், சிவப்பு வற்றியிருந்தது. வெந்த வரிசைகளில் சிவப்பும் அதற்கு அடுத்ததும் தோளோடு தோள் நின்றன. பாறையில் படித்த வானத்தின் அதே வடிவம், உயரம் மட்டும் குறைந்து. அந்தச் செடிகளின் தலைக்கு மேல் இருந்தது இலையல்ல, மேகம்.

இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சாரிடம் காட்டினேன். அன்று நான் பேசியது போல் அங்கே வேறெந்த நாளும் பேசியதில்லை. மறுபடி போக ஒரு பகல் போதும் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தே கேட்டார். நான் நம்பிவிட்டேன்.

"உங்கம்மா அந்தத் தோட்டத்துலதான வேலை பாக்குறாங்க?" என்றார்.

"ஆமா சார்."

"அதான்."

அவ்வளவுதான். "வெளிச்சம் எவ்வளவுன்னு கேட்டாங்க, சொல்றோம். நிறத்தை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அவர் எஸ்டேட்டிடம் பணம் வாங்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒளியைப் பற்றி நான் சொன்னதை அவர் ஒளியைப் பற்றிய பேச்சாகக் கேட்கவே இல்லை. காய் எடுக்கிறவள் மகளின் பேச்சாகக் கேட்டார். முதல் நாள் கேட்ட கேள்விக்கு அவர் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார்.

அளவை அறிக்கையைக் கடை மாடியில் படித்தார்கள். நிழல் போதிய அளவு உள்ளது. பெருமாளண்ணன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொட்டி சொன்னா சரிதான். எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வர்றேன் தாயி" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மேற்கு வரிசைகளை அவர் அப்படியே விட்டுவிட்டார். வேலை பாதியாகக் குறைந்தது. அம்மாவின் ஜீப்பு நின்றது. சிலர் வேறு தோட்டத்துக்கு மாறினார்கள். அம்மாவுக்கு வயதைக் காரணம் காட்டி இடமில்லை என்றுவிட்டார்கள். தேவாரம் பக்கம் களை எடுக்கப் போனார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏன்டி, அந்த மஞ்சு வந்தப்ப நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்மா. கேக்கல."

"சொன்னேங்கிற. படிச்சவ சொன்னா கேப்பாகன்னுதான உன்னையப் படிக்க வச்சேன்?"

அந்த வாரம் வேலையை விட்டேன். தட்டுப் பெட்டியைத் துடைத்து, பூட்டி, மேசையில் வைத்தேன். விரல் தடம் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தத் தட்டை எனக்கு முன் யாரும் அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

வெட்டிய மரம் ஒரே வருடத்தில் வளர்ந்துவிடாது. வெட்டவெளி அப்படியே இருக்கிறது. ஆகவே அளவையும் திரும்ப எடுக்கலாம். மதுரையில் நான் படித்த துறையில் பழைய கருவி ஒன்று இருக்கிறது. கேட்டேன், ஒரு வாரத்துக்குத் தந்தார்கள். இந்தக் கோடையில் மேகமில்லாத ஒரு பகலில் நானும் அம்மாவும் போனோம். அம்மா தட்டைப் பிடிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். தட்டுக்கு ஒரு முக்காலி செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் பிறகு பாறைக்கு ஏறி வானத்தைப் படித்துவிட்டு இறங்கினேன். வெந்த வரிசையின் கோடும் பாறையின் கோடும் உயரத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நிழல் என்று அங்கே எதுவும் இல்லை.

அதோடு தேவசகாயம் ஐயாவிடம் போனேன்.

"முடிஞ்ச சோலியக் கிளறச் சொல்றியேம்மா. நீ தனியாப் போய் எடுத்ததை எஸ்டேட்டுக்காரன் ஒத்துக்குவானா?"

"ஒத்துக்க வேணாம் ஐயா. ரெண்டு பேரையும் பாறைக்குக் கூட்டியாங்க. அவங்க கண்ணு முன்னாடி எடுக்கிறேன்."

"தப்பாப் போச்சுன்னா?"

"அங்கனயே எல்லாரு முன்னாடியும் தப்புன்னு சொல்லிட்டு இறங்குறேன்."

ஐயா ஓர் ஏலக்காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பெருமாளண்ணனின் குத்தகை ஆடியோடு முடிகிறது. அதற்குள் நிழலுக்கு வழி பிறந்தால்தான் புதுப்பிப்பார், இல்லாவிட்டால் சரிவை ஒப்படைத்துவிட்டு இறங்கிவிடுவார். அது ஐயாவுக்கும் தெரியும். கடைசியில் சம்மதித்தார். எஸ்டேட் மேனேஜரும் வருவதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் அளந்த சாரும் வர வேண்டும்.

அவரை அழைக்கும் வேலை என்னுடையதாயிற்று. நேற்று போடி பஜாரில் ஒரு முழுக்கைச் சட்டை வாங்கினேன். அடர்நீலம். அத்தனை வருடம் பக்கத்தில் நின்றதில் அளவு எனக்குத் தெரியும். பழைய அலுவலகத்துக்குப் போனேன். சார் இல்லை. தட்டுப் பிடிக்கும் அந்தப் புதுப் பெண் மட்டும் இருந்தாள். அவர் மேசையின் மேல் சட்டையை வைத்து, அதன் மேல் ஒரு சீட்டில் நாளையும் இடத்தையும் எழுதி வைத்தேன்.

"என்ன சொல்லணும்கா?" என்றாள்.

"பாறைக்கு இதைப் போட்டுட்டு வரச் சொல்லு" என்றேன். "துப்பாக்கி நான் பிடிக்கிறேன். நீயும் வா, ஆனா தட்டுப் பிடிக்க வேணாம். அதுக்கு முக்காலி இருக்கு."